ஜரிகைத் துண்டு

பெருந்துறை ரோட்டில் கார் பாலிஷ் போடும் கடையில் மரகதத்துக்கு வேலை. ஒருநாள் மில் முதலாளி சென்னியப்பன் தன் கறுப்புக் காரோடு வந்து குதித்தார்.

"தெனமும் நானே தொடைக்கிற வண்டி! இப்ப வெயில்ல பாரு, சிலந்திக்கூடு மாதிரி கீறல். எல்லாம் போன வாரம் நீ கழுவுன லட்சணம். ஒரு கோடு மிச்சமிருந்தாலும் உனக்கு இங்க வேலை கிடையாது!"

மரகதம் பெயின்ட்டில் ஒட்டியிருந்த அழுக்கையெல்லாம் பிசைந்த மாவு போன்ற க்ளே கட்டியால் உருவி எடுத்தாள். மெஷினைப் பிடித்து மத்தியானம் வரைக்கும் பாலிஷ் போட்டாள். அதில் தெரிந்த முதலாளியின் மீசை முடியை எண்ணிவிடலாம், கார் அப்படி மின்னியது.

அவருக்கு மனசு ஆறவில்லை. "தூசி இருக்குதே!" என்று தோளில் கிடந்த ஜரிகைத் துண்டை எடுத்து பானெட்டை அழுத்தித் துடைத்தார். மறுநிமிஷம், "பாத்தியா, கீறல்!" என்று கத்தினார்.

"ஆமாங்க. உங்க கூலிங் கிளாஸ்லயும் தூசி இருக்குதுங்க. அந்தத் துண்டுலயே தொடைச்சுத் தரட்டுங்களா?"

முதலாளி பதறிப்போய்க் கண்ணாடியைப் பொத்திக்கொண்டார். "ஏம்மா, ஜரிகை பட்டா கீறல் விழுந்துருமே!"

கடையே சிரித்தது. மரகதம் மட்டும் சிரிக்காமல் மறுபடியும் மெஷினை எடுத்தாள்.

"துண்டு தோள்லயே இருக்கட்டுங்க. இந்தக் கோட்டை நான் எடுத்துடறேன்."