அறுபத்தோராவது முழுக்கு

கடலோர நகரம் ஒன்றில் நல்லினியார் என்றொரு கணியர் இருந்தார். சூரியன் எழும்போது எண்ணத் தொடங்கி, பகலும் இரவும் சேர்ந்த நாளை அறுபது நாழிகையாகப் பிரித்து ஊருக்குச் சொல்வது அவர் பொறுப்பு. அவருடைய மாணவர் எயினன் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கப்பல் தச்சராக இருந்து, ஆறு வருடங்களுக்கு முன் கணிதம் கற்க வந்தவர்.

மண்டபத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் அடியில் துளையிட்ட செப்பு வட்டில் ஒன்று மிதக்கும். துளை வழியே நீர் ஏறி வட்டில் மூழ்கினால் ஒரு நாழிகை. உடனே முரசு ஒலிக்கும். படகு புறப்படுவதும் வயலுக்கு மடை திறப்பதும் அந்த முரசைக் கேட்டுத்தான்.

எயினன் ஒரு பொறி செய்திருந்தார். அதன் வட்டில் மூழ்கும்போது தானே மணியை இழுத்து அடிக்கும். பிறகு தானே எழுந்து மிதக்கும். மறுநாள் காலை ஊரவை அதைப் பார்க்க வருகிறது. பிடித்துவிட்டால் மணிக்கூண்டு எழும்பும். அதன் கல்லில் எயினன் பெயர் இருக்கும்.

ஆனால் அன்று விடியலில் முரசு அறுபது அடித்து முடித்தபோது, பொறி ஐம்பத்தொன்பதுதான் அடித்திருந்தது.

"தச்சரே, உங்க பொறி கள்ளு குடிச்சிருக்கா?" என்று கேட்டான் முரசறையும் பண்ணன். "வழியில எங்கயோ படுத்துத் தூங்கியிருக்கு."

பகல் முழுவதும் எயினன் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். உட்கார்வார், எழுவார். கையில் ஒரு சிறிய அரம்.

"அரம் எதற்கு, எயினரே?" என்றார் நல்லினியார்.

"பொறி வட்டிலின் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் சரியாகிவிடும், கணியாரே."

"முதலில் பொறியை எதை வைத்து அமைத்தீர்கள்?"

"நிழற்கோலை வைத்து. நண்பகலிலிருந்து மறு நண்பகல்வரை அறுபது."

"இப்போது எதை வைத்துத் திருத்துகிறீர்கள்?"

"முரசை வைத்து."

"முரசு?"

"வட்டிலை வைத்து."

"வட்டில்?"

எயினனுக்குக் கோபம் வந்தது. "அது ஊர் வட்டில், கணியாரே!"

நல்லினியார் அவர் கையிலிருந்த அரத்தை வாங்கித் தம் கொண்டையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சூரியன் எழுமுன் பண்ணன் அறுபதாவது முரசை அடித்தான். வழக்கம்போல் முரசுக் கோலை வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். அவன் திரும்பி வரும் இடைவெளியில் வட்டிலைத் துலக்குவது எயினன் வேலை. புளியும் மணலும் எடுத்து வைத்திருந்தார்.

"இன்று துலக்க வேண்டாம். மிதக்க விடுங்கள்," என்றார் நல்லினியார்.

"அறுபது முடிந்துவிட்டதே!"

"விடுங்கள்."

எயினன் விட்டார். உட்கார முடியவில்லை. வேட்டி முனையை முறுக்கிக்கொண்டே நின்றார். வட்டில் அறுபத்தோராவது முறை மூழ்கியது. அதே கணத்தில் அவருடைய பொறி அறுபதாவது மணியை அடித்தது. கடலுக்கு மேல் சூரியனின் விளிம்பு தெரிந்தது.

"சரி! என் பொறி சரி!" எயினன் குதித்தே விட்டார். பிறகு, "அப்படியானால் வட்டில்...?"

நல்லினியார் வட்டிலை எடுத்து வெயிலில் பிடித்தார். துளை வழியே வந்த ஒளிப்பொட்டு எயினனின் உள்ளங்கையில் விழுந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வந்த புதிதில் இதைத் துலக்கி முடிப்பதற்குள் சூரியன் வந்துவிடும்," என்றார் மெதுவாக. "அடைப்பு இருக்கக் கூடாது என்று ஈர்க்கில் மணலைத் தொட்டுத் துளைக்குள்ளும் தேய்ப்பேன். அவசர அவசரமாக. வரவர நிதானமாகத் துலக்க முடிந்தது. கை பழகிவிட்டது என்று நினைத்தேன். துளைதான் பெரிதாகியிருக்கிறது."

ஈரத் தலையோடு வந்த பண்ணன் சொன்னான்: "எனக்கும் அப்படித்தான். முன்னெல்லாம் முங்கி எழவே நேரம் இருக்காது. இப்ப முதுகு தேய்ச்சுக் குளிக்கிறேன்."

"உங்களுக்குத் தெரிந்திருந்ததா, கணியாரே?"

"இல்லை. வட்டில் பளபளவென்று இருந்தது. பார்த்து நானும் மகிழ்ந்தேன்."

ஊரவையார் படியேறி வந்தார்கள். கூடவே கல்தச்சன், உளியோடு.

"உம்முடைய பொறி தவறவே தவறாதா?" என்று கேட்டார் தலைவர்.

முந்தைய நாளாக இருந்தால் எயினன் 'தவறாது' என்றிருப்பார். அவர் கல்தச்சனின் உளியை ஒரு தடவை பார்த்தார். பிறகு புளியைச் சொன்னார், மணலைச் சொன்னார், ஈர்க்கைச் சொன்னார். ஆறு வருடத்தையும் சொன்னார்.

"அப்போ ஆறு வருஷமா என் மடைக்குத் தண்ணி குறைச்சலா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"எல்லாருக்கும்தான் குறைஞ்சது. கத்தாதே," என்றது இன்னொரு குரல்.

தலைவர் கையைத் தூக்கி அடக்கினார். "ஊர் வட்டிலைக் கெடுத்தவர் செய்த பொறி இது. இதை எப்படி நம்புவது?"

எயினன் நல்லினியாரைப் பார்த்தார்.

நல்லினியார் கொண்டையிலிருந்த அரத்தை உருவி எயினனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நம்ப வேண்டாம்," என்றார் தலைவரிடம். "கடைசி மணியும் சூரியனும் சேர்ந்து வருகின்றனவா என்று பார்க்க, தினமும் யாராவது ஒருவர் குளிக்கப் போகாமல் இங்கே உட்கார்ந்திருந்தால் போதும்."