மாலை போட்ட புண்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. புலி காதிலே விழாமல் சொல்ல வேண்டிய கதை இது.

ஒரு காட்டில், குளத்தங்கரை மருதமரத்தடியில் ஒரு வைத்தியசாலை. நாரைதான் வைத்தியர். காலையில் வரும். ஒற்றைக் காலில் நின்று புண்ணைப் பார்க்கும். "வேப்பிலை!" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். அதற்குப் புலிராஜா கொடுக்கும் கூலி நாளுக்கு நாலு மீன்.

வேப்பிலை வைப்பது, ஈ விரட்டுவது, புழு எடுப்பது எல்லாம் ஆறு மைனாக்கள். அவர்களுக்குக் கூலி ஒன்றுமில்லை. பொழுதெல்லாம் புண்ணோடு கிடந்தால் இரை தேட நேரம் ஏது? மஞ்சமூக்கி என்ற மைனாவின் கூட்டில் மூன்று குஞ்சுகள் திறந்த வாய் மூடாமல் கிடந்தன.

அவள் புலிராஜாவிடம் போனாள். "சாமி, ஆளுக்கு நாலு அத்திப்பழம் கொடுங்க. ஒருநாள் வேலை, ஒருநாள் ஓய்வுன்னு முறை வையுங்க."

"புழு எடுக்கிறாயே, அதைத் தின்ன வேண்டியதுதானே?"

"சீழ்ப்புழுவையா? நீங்க தின்பீங்களா, சாமி?"

புலி பேச்சை மாற்றியது. "அடடா! நீங்கள் செய்வது சேவை! சேவைக்குக் கூலி கேட்கலாமா?"

காட்டையே கூட்டி ஆறு பேருக்கும் செவ்வந்தி மாலை போட்டது. 'காட்டின் தாய்' என்று பட்டமும் கொடுத்தது. மாலைக் கனம் தாங்காமல் ஒரு மைனா குப்புற விழுந்தது. அதற்கும் கைதட்டல்!

மறுவாரமே ஐந்து மைனாக்கள் அக்கரைக் காட்டுக்குப் போய்விட்டன. அங்கே பழம் தருகிறார்களாம். மஞ்சமூக்கியால் போக முடியவில்லை. குஞ்சுகளுக்கு இறகு முளைக்கவில்லையே!

அப்புறம் ஒரு காட்டுப்பன்றி புலியின் தொடையைக் கிழித்தது. சில நாளில் அந்தப் புண்ணில் புழு நெளிந்தது.

நாரை வந்து, "வேப்பிலை!" என்றது.

"நீயே வைத்துவிடேன்!"

"இது மீன் பிடிக்கிற அலகு, ராஜா!" நாரை பறந்துவிட்டது.

"மஞ்சமூக்கி! ஓடி வா தாயே!" என்று புலி அலறியது.

அவள் வந்தாள். தன் காய்ந்த மாலையை இழுத்து வந்து புண்மேல் போட்டாள். "காட்டின் தங்கமே! வீரத்தின் மலையே!" என்று பாடினாள்.

"அடியே! மாலை போட்டால் புழு போகுமா?"

"மாலை போட்டா என் குஞ்சுகளுக்குப் பசி போகும்னு நினைச்சீங்களே, சாமி! புழு மட்டும் போகாதா?"

புலி வலியில் தரையைப் பிறாண்டியது. அப்புறம் கத்தியது: "பழம் கொண்டுவாங்கடா! முறை வையுங்கடா! அக்கரைக்கு ஆள் அனுப்புங்கடா!"

பாடுபடுகிறவருக்குப் புகழ்ச்சியையே கூலியாகக் கொடுத்தவருக்கு, நோய் வந்தால் புகழ்ச்சிதான் மருந்து.

பழம் வந்ததும் மஞ்சமூக்கி என்ன செய்தாள் தெரியுமா? முதல் பழத்தைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குப் பறந்தாள். மூன்று வாயிலும் ஊட்டினாள். திரும்பி வந்துதான் முதல் புழுவை எடுத்தாள்.