அரை முழத் தண்ணீர்

மழை தவறிய வருடம் அது.

நொச்சியாற்றங்கரை மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மாதம் பிறந்ததும் ஒரு சீடர் ஆற்றை அளப்பார், இன்னொருவர் ஊர்க் கிணறுகளை அளப்பார். இரண்டையும் மடத்து வாசல் கரும்பலகையில் எழுதி வைப்பார்கள். விதைப்பதா வேண்டாமா என்று ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

மடத்துக் குருவை எல்லோரும் அம்மா என்றே கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு வயது நாற்பது. சீடர்கள் இருவருமே அவரைவிட மூத்தவர்கள்.

கிணறுகள் தணிகாசலத்தின் பொறுப்பு. பதினைந்து வருடமாக மடத்தில் இருப்பவர். முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டி, கிணற்று விளிம்பிலிருந்து தண்ணீர் தொடும்வரை இறக்குவார். பன்னிரண்டு கிணறு, இரண்டு நாள் நடை. அவர் அளவு தப்பவே தப்பாது என்று ஊரே சொல்லும்.

ஆறு பொன்னுரங்கத்தின் பொறுப்பு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம்தான் வந்து சேர்ந்தார். பாலத்தடியில் ஆழம் பார்ப்பார். காய்ந்த தென்னம்பாளையை மிதக்கவிட்டு, அது பாலத்தைத் தாண்டும் நேரத்தை எண்ணுவார். அரை மணி வேலை.

கிணறுகள் மாதாமாதம் இறங்கின. தணிகாசலம் தெருவுக்குள் நுழைந்தாலே, "வந்துட்டாருய்யா, இன்னும் ஒரு முழம் இறக்கிட்டுப் போக" என்றார்கள்.

மாசி பிறந்த அன்று காலை அவர் ஆற்றங்கரைக் கிணற்றில் கயிற்றை இறக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது அடி தள்ளிப் பாலம். அங்கே பொன்னுரங்கத்தைச் சுற்றிக் கூட்டம்.

"ஆறு ஓடுது தாயி. போன மாசத்தைவிட ரெண்டே விரல்தான் கம்மி."

பொன்னுரங்கம் சொன்னது வேம்பாயியிடம். வருடா வருடம் ஆற்று மணலில் வெள்ளரி போட்டுப் பிழைப்பவள்.

"அப்ப இன்னிக்கே விதையை ஊனிடறேன். வாயில சர்க்கரைதான் போடணும் உங்களுக்கு. இப்போதைக்கு இதைத் தின்னுங்க." மடியிலிருந்து அவித்த பனங்கிழங்குகளை எடுத்து நீட்டினாள்.

கிணற்றடியில் நின்றவரை யாரும் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் தணிகாசலம் அம்மா முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, எனக்கு ஆத்தைக் கொடுங்க."

"ஏன்?"

"பதினஞ்சு வருஷமா கிணத்தையே எட்டிப் பார்த்தாச்சு. போதும்."

"பொன்னுரங்கம் வந்து ஒரு வருஷம்தானே ஆச்சு."

"அதான் சொல்றேன். ஆறு பாட்டுக்கு ஓடுது, பேரு அவருக்கு. நான் உள்ளதைச் சொன்னா எனக்குத் திட்டு."

 அம்மா மூலையில் கிடந்த தென்னம்பாளையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

கயிறு பொன்னுரங்கத்திடம் போயிற்று. "எப்படி விடணும்னு கத்துக்கொடுங்கண்ணே" என்றார் அவர்.

"டிக்கெட் கிழிக்கிறதைவிட ஒண்ணும் கஷ்டமில்ல" என்றார் தணிகாசலம்.

பங்குனி பிறந்தது. தணிகாசலம் வெளுத்த வேட்டி கட்டி, திருநீறு பூசி, பாளையோடு பாலத்துக்குப் போனார். கூட்டம் அவருக்கு முன்பே வந்திருந்தது.

ஆற்றில் தண்ணீர் இல்லை. ஈர மணல்தான் இருந்தது. முந்தின நாள் நின்றுபோயிற்று என்றார்கள். பதினைந்து வருடத்தில் அவர் அப்படிப் பார்த்ததில்லை.

என்ன செய்வது என்று தெரியாமல் பாளையை மணல்மேல் வைத்தார். அது வைத்த இடத்திலேயே இருந்தது.

"சாமி, பாலத்தை எப்பத் தாண்டும்?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை.

வேம்பாயியின் வெள்ளரிக் கொடிகள் நாலு இலை விட்டு, தலை தொங்கிக் கிடந்தன. "அவரு கையில இருந்தவரைக்கும் ஓடுச்சு. உங்க கைக்கு மாறினதும் நின்னுடுச்சே" என்றாள்.

அப்போது ஆற்றங்கரைக் கிணற்றடியிலிருந்து பொன்னுரங்கம் இறங்கி வந்தார். தோளில் ஈரக் கயிறு.

"தாயி, மம்பட்டியை எடு. இந்த இடத்துல கால் முழம் தோண்டு."

தோண்டினாள். குழிக்குள் மெல்லத் தண்ணீர் ஊறியது. பெண்கள் குடத்துக்கு ஓடினார்கள்.

"எப்படிய்யா கண்டுபிடிச்சீங்க?" என்று கூட்டத்தில் கேட்டார்கள்.

"கிணத்து விளிம்புக்கு ஆத்து மணல் ஒன்பது முழம் பள்ளம். கிணத்துல தண்ணி ஒன்பதே கால்ல நிக்குது. மிச்சம் கால் முழம். கண்டக்டருக்குச் சில்லறைக் கணக்கு வராதா?"

வேம்பாயி முதல் சொம்புத் தண்ணீரை அவருக்குக் கொடுத்தாள். இரண்டாவது சொம்பைக் கொடியில் ஊற்றினாள்.

தணிகாசலம் பாளையை எடுத்துக்கொண்டு மடத்துக்குத் திரும்பினார். பலகையில் எதுவும் எழுதவில்லை. நேராக அம்மாவிடம் போனார்.

"ஆத்தைக் கொடுத்தாலும் பேரு அவருக்குத்தான், கிணத்தைக் கொடுத்தாலும் அவருக்குத்தான். அவர் ஜாதகம் அப்படி."

அம்மா கேட்டார்: "ஆத்தங்கரைக் கிணறு, தை மாசம் எத்தனை?"

"எட்டு முழம்."

"மாசி?"

"எட்டரை."

"ஆத்து மணல்?"

"ஒன்பது." பலகையைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"மழையே இல்லாம இத்தனை மாசம் ஆத்துல ஓடினது எந்தத் தண்ணி?"

தணிகாசலம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். 

"கிணத்துல ஊறின தண்ணிதான்" என்றார் பிறகு. "அதுதான் கரைக்கு அடியில கசிஞ்சு வந்திருக்கு. மாசியிலயே அரை முழம்தான் மிச்சம் இருந்திருக்கு."

"வேம்பாயி விதையை எடுத்துக்கிட்டு நின்னப்ப, அந்த அரை முழம் உலகத்துல ஒருத்தர் கையில மட்டும்தான் இருந்தது. கயிறு கிணத்துல. கண்ணு எங்கே இருந்தது?"

அவர் தலை நிமிரவில்லை.

"பாலத்துல. வேம்பாயி அவருக்குப் பனங்கிழங்கு கொடுத்துக்கிட்டிருந்தா."

"எத்தனை?"

"மூணு."

"பெரிசா?"

"ரெண்டு பெரிசு. ஒண்ணு நுனி ஒடிஞ்சது."

அம்மா சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த பாளையை வாங்கி மூலையில் வைத்தார்.

"உங்க அளவு தப்பவே தப்பாதுன்னு ஊர்ல சொல்றது சரிதான்."