ஏழாவது கிலோமீட்டரில் ஒரு மடம்

புது வரைபடத்தில் ஒரு சாலை கூடிவிட்டது. அரியமுத்துவுக்கு ஒன்று குறைந்துவிட்டது.

அரியமுத்து ஓய்வு பெற்ற லைன்மேன். மாநில நெடுஞ்சாலை ஒன்று விடாமல் ஸ்கூட்டரில் போய் முடித்தவர். போன வருஷம்தான் அதற்காக ஊருக்கே லட்டு கொடுத்தார். இப்போது வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு மடத்துக்கு வந்து நின்றார்.

சாமி இவரைவிட இருபது வயது இளையவர். இருந்தாலும் குரு குருதான்.

"ஒரு கோடு என்னை மடக்கிடுச்சு, சாமி."

"எந்தக் கோடு?"

விரித்துக் காட்டினார். "போன மாசம் வரைக்கும் மாவட்டச் சாலை. இப்போ மாநில நெடுஞ்சாலை ஆக்கிட்டான். பதினாலு கிலோமீட்டர்."

சாமி குனிந்து பார்த்தார். "நம்ம வாசல் ரோடு மாதிரி இருக்கு?"

"வாசல் ரோடேதான்."

"பத்து வருஷமா இதுலதானே வர்றீங்க?"

"பாதிதான் வந்திருக்கேன். இங்கே இறங்குவேன், உங்களைப் பார்ப்பேன், திரும்பிடுவேன்."

"மீதியையும் போய்ட்டு வாங்க. இதுக்கா வந்தீங்க?"

"முதல் கிலோமீட்டர் கல்லுல வண்டி ஏறினா கடைசிக் கல்லுலதான் கால் ஊனணும். நடுவுல ஊனினா செல்லாது."

"ஊனாதீங்க."

"உங்க வாசலைத் தாண்டணுமே! இறங்கிக் கும்பிடாம எப்படிப் போறது? இந்த வாரம் மூணு தடவை கிளம்பிட்டேன். மூணு தடவையும் இங்கேயே இறங்கிட்டேன். கண் டாக்டர் இந்த மாசத்தோட வண்டியை நிறுத்தச் சொல்லிட்டார்."

அரியமுத்து வரைபடத்தை மறுபடி சுருட்டினார்.

சாமி யோசித்தார்.

"நான் அனுமதி கொடுத்தேன். இறங்காமப் போங்க."

மறுநாள் அரியமுத்து வந்தார். இறங்கினார்.

"அனுமதி கொடுத்தேனே?"

"அதுக்கு நன்றி சொல்ல இறங்கினேன்."

சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்கு மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். மூச்சுவிடவில்லை.

கதவு தட்டப்பட்டது.

"சாமி! சாத்தியிருக்கே, உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"நல்லாத்தான் இருந்தேன், நீங்க வர்ற வரைக்கும்!"

மூன்றாம் நாள் காலை. அரியமுத்து முதல் கல்லில் ஏறினார். ஏழாவது கிலோமீட்டர் வந்தது. வேகம் தானாகக் குறைந்தது. கால் தரையைத் தேடியது.

கதவில் பூட்டு. மதில் சுவரில் சுண்ணாம்பால், கண் மங்கியவரும் படிக்கும்படி எழுதியிருந்தது:

சாமி இங்கே இல்லை. கடைசிக் கல்லில் இருக்கிறார்.

கால் மேலே ஏறியது. வண்டி நகர்ந்தது.

அதுவரை பார்க்காத சாலை. இரண்டு பக்கமும் சோளம். ஒரு வாய்க்கால், குறுகிய பாலம், தூங்கும் நாய், ஒரு பள்ளிக்கூடம். அரியமுத்து எதற்கும் நிற்கவில்லை. வாய் மட்டும் திறந்தே இருந்தது.

பதினாலாவது கல்லின் மேல் சாமி உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு கடித்துக்கொண்டிருந்தார்.

அரியமுத்து கால் ஊன்றினார். கல்லைத் தொட்டார். சாமியின் காலையும் தொட்டார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"இப்படி ஒரு வழி உங்களுக்குத்தான் சாமி தோணும்!"

"எனக்கு ரெண்டு வழி தோணுச்சு. ரெண்டையும் நீங்க கெடுத்தீங்க."

"அப்போ இது யாரோட யோசனை?"

சாமி வெள்ளரிப்பிஞ்சை நீட்டிக் காட்டினார். வரப்போரம் ஒரு மொபெட். இரண்டு பக்கமும் பால் கேன். பின் சீட்டில் சாமியின் துண்டு. கேனுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தவள், இந்தப் பதினாலு கிலோமீட்டரையும் தினம் இரண்டு தடவை போய்வரும் பால்காரி செண்பகவல்லி.