தாரு நெருப்பை முழுங்கின கதை

எல்லாரும் அப்படியே மண்ணுமேட்டுல உக்காருங்க. ரோட்டுக்கு ஊத்துற தாரு டிரம்முல உருக இன்னும் நேரம் கெடக்கு, அதுவரைக்கும் வாய மூடினா யாருக்கும் ஒண்ணும் கெட்டுப்போகாது. மாரப்பா, உன்னையும் சேத்துத்தான்.

அந்தக் காலத்துல மண்ணும் பேசும், தண்ணியும் பேசும், கல்லை மிதிச்சா "கண்ணு தெரியலயா"ன்னு கேக்கும். தாரு அப்பக் கருப்பே இல்ல. உருக்கின நெய்யாட்டம் மஞ்சளா, ஆத்தோரப் பள்ளத்துல பளபளன்னு கெடப்பான். அவனும் நெருப்பும் உசுருக்கு உசுரான சேக்காளிங்க. நெருப்பு தூர நின்னு ஏப்பம் விட்டாப் போதும், இவன் குப்புன்னு பத்திக்குவான். புகை கெடையாது, கரி கெடையாது. ஊருல அத்தனை அடுப்பும் அவனை வெச்சுத்தான் எரிஞ்சுது.

அந்த ஆத்துல பரிசல் ஓட்டுறவ கெம்பம்மா. மூங்கில் கூடைக்குத் தோலு போத்தின பரிசல், அதுல ஓட்டையோ ஓட்டை. அன்னைக்கு வெள்ளம் ஏறுது, அக்கரையில ஆளுங்க கத்திக்கிட்டு நிக்கிறாங்க. அவ தாருகிட்டப் போயி, ஓட்டைய அடைச்சுக் குடுக்கிறியான்னு கேட்டா. சரின்னுட்டான். பூசிட்டு லேசா அனல் காட்டினாப் பரவி எறங்கிக்குவேன், ஆனா கொள்ளிய ரெண்டு முழம் தள்ளிப் புடி, நெருப்பைப் பாத்தா எனக்கு நிலைகொள்ளாதுன்னும் சொன்னான்.

கெம்பம்மா மணல்ல பரிசலைக் கவுத்துப் போட்டு, தாரைப் பூசிட்டு, கொள்ளி எடுக்க அடுப்புக்கு ஓடினா.

அந்த நேரம் பாத்து வந்தான் அவ புருசன் மாதையன். வயிறு நெறையக் களியும் மீன்குழம்பும். பரிசல்காரனுக்குக் கவுத்த பரிசலைக் கண்டா வேறென்ன தோணும்? அதுதானே அவனுக்கு நெழலு. ஓரத்தைத் தூக்கிட்டு உள்ள பூந்துட்டான். கொர்ர்ர்... புஸ்ஸ்ஸ்.

கெம்பம்மா கொள்ளியோட வந்தா. அக்கரைக் கத்தல்ல ரெண்டு முழமெல்லாம் மறந்துபோச்சு, ஒட்டிப் புடிச்சுட்டா. குனிஞ்சப்பதான் பாத்தா, பரிசலுக்கு அடியில ரெண்டு பாதம் நீட்டிக்கிட்டு இருக்கு. அந்தப் பித்தவெடிப்பு அவளுக்குத் தெரியாதா?

  கொள்ளிய இழுக்கிறதுக்குள்ள நெருப்பு தாவிட்டான். பரிசலைத் தூக்கப் போனா கை பொசுங்குது.

"உள்ள அவரு இருக்காரு." தாருகிட்டக் கத்திச் சொன்னா.

 நெருப்பு சிரிச்சுக்கிட்டே வரான்: "வாடா சேக்காளி, எந்திரி."

"இன்னைக்கு நான் எரியமாட்டேன்."

"எரியாம? வேற என்ன தெரியும் உனக்கு?"

தாரு வாயத் தொறந்து நெருப்பை அப்படியே முழுங்கிட்டான். உசுரு போற வலி. மஞ்ச ஒடம்பு கருகிக் கருகிக் கன்னங்கரேல்னு ஆச்சு. மூக்கு வழியா, காது வழியாக் கரும்புகை. ஆனாலும் ஒரு மூங்கில் சிம்பைக்கூட எரிய விடாம இறுக்கிப் புடிச்சுக்கிட்டான். அந்தப் புடியில கை மரத்துப்போயி, அப்புறம் விடவே தெரியல அவனுக்கு.

கெம்பம்மா ரெண்டு காலையும் புடிச்சுத் தரதரன்னு வெளிய இழுத்தா. மாதையன் இருமிக்கிட்டே எந்திரிச்சு, "ஏ கெம்பி, பச்சை வெறகையா அடுப்புல வெச்சே?"ங்கிறான். அவ மணல்ல பொத்துன்னு உக்காந்துட்டா. அப்புறம் எந்திரிச்சு, ஒரு சொட்டு ஒழுகாத அந்தப் பரிசலைத் தள்ளிக்கிட்டு அக்கரை ஆளுங்களை ஏத்தப் போனா.

அன்னைக்கு இருந்துதான் தாரு கருப்பு. கொள்ளி வெச்சா சட்டுன்னு பத்தமாட்டான், பத்தினாலும் கரும்புகைதான். முழுங்கின நெருப்பு வயித்துலயே கெடக்கு, அதான் வெயில் ஏறினாலே இளகிடுறான். புடிச்சதை விடமாட்டான், மொட்டை மாடி விரிசல்னாலும் சரி, நாம கொட்டுற ஜல்லின்னாலும் சரி. உள்ள யாராச்சும் படுத்திருந்தா எந்திரிக்கட்டும்னு, பரிசல்காரங்க கொள்ளிய எடுக்குமுன்ன கவுத்த பரிசலை மூணு தடவை தட்டுறதும் அன்னைக்கு இருந்துதான்.

கதை முடிஞ்சதும், எங்க தாரு வேலைக் கூட்டத்துல ஓரமா உக்காந்து, சூடு படாம இருக்கக் காலுல சாக்கு சுத்திக்கிட்டு இருந்த சாலம்மா, விடிஞ்சதுல இருந்து ஒரு வார்த்தை பேசாதவ, நிமிராமச் சொன்னா: "அம்புட்டுப் புகையில எந்திரிக்காத மனுசன், மூணு தட்டுக்கு எந்திரிச்சுருவானாக்கும்."