கடலை வடிகட்டிய மந்திரவாதி

முன்னொரு காலத்தில், சிப்பிகூட வாய் திறந்து பேசிய காலத்தில், முத்தூர்த்துறை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே பவளாயி என்று ஒருத்தி. அவள் புருஷன் வேலாண்டி, முத்துக்குளிப்பவன். காலில் கல்லும் இடுப்பில் கயிறுமாக மூச்சைப் பிடித்து இறங்கினால் கூடை நிறையச் சிப்பியோடுதான் மேலே வருவான். படகிலிருந்து கயிற்றைப் பிடிப்பவன் மாசிலான், பவளாயியின் அண்ணன். குளிப்பவனின் கயிற்றை மைத்துனன்தான் பிடிக்க வேண்டும் என்பது அந்தத் துறையின் வழக்கம். தங்கையின் தாலி என்றால் கை நழுவாது அல்லவா!

ஆனாலும் பவளாயிக்குப் பயம். தானும் படகில் ஏறிக் குனிந்து குனிந்து பார்ப்பாள். தண்ணீர் பச்சையாய்க் கலங்கிக் கிடக்கும். புருஷன் தலை தெரியாது.

அந்தச் சமயத்தில் ஒரு மந்திரவாதி வந்தான். தோளில் பட்டுத்துணி, கையில் செப்புக்குடம்.

“என்ன வேண்டும், பெண்ணே?”

“கடல் தெளியணும் சாமி. அடியில எங்க வீட்டுக்காரர் தலை எனக்குத் தெரியணும்.”

“அவ்வளவுதானா? அழுக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கூலி வேண்டாம்.”

கூலி வேண்டாம் என்று ஒருவன் சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? பவளாயி யோசிக்கவில்லை.

மந்திரவாதி துணியை விரித்து ஒருமுறை இழுத்தான், பச்சை போனது. மறுமுறை இழுத்தான், பழுப்பு போனது. மூன்றாம் முறை இழுத்தான், கடல் கண்ணாடியானது. பிழிந்ததெல்லாம் குடத்துக்குள் போய் நீலமாய் மின்னியது. அவனுக்கு வேண்டியது அந்த வெளிச்சம்தான். குன்றின் மேல் இருந்த தன் மாளிகையில் குடத்தை விளக்காக மாட்டிவிட்டான்.

ஊரே பவளாயியைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. சிப்பி குவிந்தது. கொஞ்ச நாளில் சாளை மீனைக் காணோம். சாளையைத் தின்னும் சீலாவைக் காணோம். வானத்தில் வட்டமிடும் ஆலாப் பறவையையும் காணோம். கடல் மட்டும் அழகாக இருந்தது.

ஒரு நாள் வேலாண்டி இறங்கினான். பவளாயி குனிந்தாள். புருஷன் தலை தெரிந்தது. பக்கத்தில் ஒரு சுறாவும் தெரிந்தது, மீன் கிடைக்காமல் வயிறு ஒட்டிப்போன சுறா. தண்ணீர் கலங்கியிருந்தவரை அவன் அதன் கண்ணில் படவில்லை. இப்போது நன்றாகப் பட்டான்.

“அண்ணே, இழு!”

மாசிலான் இழுத்த இழுப்பில் படகே சாய்ந்தது. வேலாண்டி வந்துவிட்டான். அவன் கெண்டைக்கால் சதையில் பாதி வரவில்லை. கால் ஆறியதும் மறுபடி அதே கடலில்தான் இறங்க வேண்டும், வேறு பிழைப்பு ஏது? சுறாவும் அங்கேதான் இருக்கும். பவளாயி வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள்.

கூடையில் ஒரே ஒரு சிப்பி இருந்தது. அது மெல்ல வாயைத் திறந்தது.

“என்னை அறுக்காதே தாயி. உள்ளே ஒண்ணும் இல்லே. பசி.”

“கடல்ல கெடக்கிற உனக்கா பசி?”

“அழுக்குன்னு வடிச்சுக் குடுத்தியே, அதுதான் எங்க சோறு. கண்ணுக்குத் தெரியாத பாசியும் பூச்சியும். அதை நாங்க தின்போம், சாளை தின்னும். சாளையைச் சீலா தின்னும். நீ ஊருக்கே அடுப்பை அவிச்சுட்டியே!”

பவளாயி சிப்பியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு குன்றேறினாள்.

“சாமி, குடத்தில இருக்கிறது அழுக்கு இல்லே, கடலுக்குச் சோறு. அதைத் திருப்பிக் குடுங்க.”

மந்திரவாதி சிரித்தான். “அழுக்கையா? சரி, இதில் எது சோறு, எது அழுக்கு என்று பிரித்துக் காட்டு. சோறு உனக்கு, அழுக்கு எனக்கு. முடியாவிட்டால் இரண்டும் எனக்கே.”

“சத்தியமா?”

“சத்தியம், சத்தியம், சத்தியம்.”

கண்ணுக்கே தெரியாததை எவள் பிரிப்பாள் என்று அவனுக்குத் தெனாவட்டு. பவளாயி சிப்பியைக் குடத்துக்குள் போட்டாள். அது தண்ணீரை உறிஞ்சியது, வேண்டியதைத் தின்றது, வேண்டாததைச் சளியில் உருட்டித் துப்பியது. பசி தீர்ந்தும் விடவில்லை, சோற்றைத் தொடாமல் கழிவை மட்டும் உருட்டி உருட்டித் துப்பியது. கடைசியில் அடியில் ஒரு பிடி கருநீல உருண்டை சேர்ந்தது. அது கடலின் அழுக்கே அல்ல, அரண்மனைச் சாயப்பட்டறையிலிருந்து ஆற்றோடு வந்த கழிவு.

“இந்தாங்க சாமி, உங்க பங்கு.”

மூன்று முறை செய்த சத்தியத்தை மந்திரவாதியாலும் மீற முடியாது. வாங்கிய கை முழங்கை வரை நீலமானது, தேய்த்தும் போகவில்லை. அவன் வெட்கப்பட்டு ராஜ்யத்தை விட்டே ஓடிப்போனான்.

பவளாயி குடத்தைக் கடலில் கவிழ்த்தாள். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதலில் பச்சை வந்தது. அடுத்த மழைக்குச் சாளை வந்தது. அதன் பின்னால் சீலா வந்தது, ஆலா வந்தது, சுறாவுக்கும் வயிறு நிறைந்தது.

விஷயம் கேட்ட ராஜா ஒரு கூடை முத்தை நீட்டினார்.

“முத்து எங்க வீட்டுக்காரரே எடுப்பாரு மகாராஜா. உங்க சாயத்தண்ணி ஆத்துல விழாம இருந்தா போதும்.”

ராஜாவுக்கு நீலப்பட்டு என்றால் உயிர். முகத்தைச் சுளித்தார், ஆனாலும் பட்டறையை இழுத்து மூடினார். முத்துக்கூடையையும் அவள் வீட்டில் இறக்கச் சொன்னார்.

வேலாண்டி கால் ஆறி மறுபடி இறங்கினான். பவளாயி குனிந்து பார்த்தாள். பச்சைத் தண்ணீர்தான், தலை தெரியவில்லை.

“பயமா இருக்கா தங்கச்சி?” என்றான் மாசிலான்.

“இருக்கு அண்ணே. இருந்துட்டுப் போகுது.”

அவள் பயந்தாள், புருஷன் மேலே வந்தான். கதை ஆச்சு. கையைக் கழுவிவிட்டு வாருங்கள், சாளைக் குழம்பு ஆறுகிறது.