கரடி சுட்ட திசை

கல்யாணப் படம் எடுக்க ஏரிக்கரைக் காட்டுக்கு வந்தவர்கள், யானையைக் கண்டதும் ஒரு பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பெட்டிக்குள், பறந்தபடியே படம் காட்டும் இரண்டு ட்ரோன்கள். அந்தப் பெட்டி போய்ச் சிக்கியது குள்ளநரியிடம்!

அன்றோடு செங்காலி என்ற நீர்க்கோழிக்கு நிம்மதி போயிற்று. ஏரியின் கிழக்கே, கோரைப் புதருக்குள் அது நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. நரி எவ்வளவு மோப்பம் பிடித்தும் கூடு அகப்படவில்லை. இப்போதோ நரியின் கண் வானத்தில் பறக்கிறது!

செங்காலி கரடியிடம் ஓடியது. எவனோ வேட்டைக்காரன் விட்டுப்போன நாட்டுத் துப்பாக்கி கரடியிடம் இருந்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு உலாவுவதோடு சரி.

"கரடியண்ணே, அந்தச் சனியனைச் சுட்டுத் தள்ளுங்க!"

"இதெல்லாம் ஒரு வேலையா, தங்கச்சி?"

அதற்குள் ட்ரோன் குகைக்கு மேலேயே வந்து நின்றது. கரடி பெரிய குண்டு ஒன்றைத் திணித்துச் சுட்டது. ட்ரோன் சற்றே ஒதுங்கியது. கரடி மறுபடி சுட்டது. பக்கத்துப் பனையிலிருந்து ஒரு மட்டை விழுந்தது.

"அண்ணாச்சி, பனைமட்டை வெட்ட என்ன கூலி?" என்று பாறை மேலிருந்து நரி கேட்டது.

"ஒத்தைக் குண்டுன்னா அது நகர்ந்துக்குது அண்ணே. சின்னதா நிறையப் போடுங்க!" என்றது செங்காலி.

கரடி வேட்டைக்காரனின் பையிலிருந்து ஒரு பிடி பால்ரஸ், அதாவது சைக்கிள் சக்கரத்துச் சின்ன இரும்புக் குண்டுகளை, அள்ளிப் போட்டது. படார்! குண்டுகள் விசிறிபோல விரிந்தன. ட்ரோன் சுக்குநூறாகி விழுந்தது.

"போனால் போகட்டும். நாளைக்கு இன்னொண்ணு வரும்!" என்று சிரித்துவிட்டுப் போனது நரி.

கரடி பையைத் தடவிப் பார்த்தது. "பால்ரஸ் கொஞ்சம்தான் மிச்சம். கண்ட இடத்தில் சுட மாட்டேன். உன் கூட்டுக்கு மேலே வந்தால் மட்டும் சுடறேன்."

தலையாட்டப் போன செங்காலி திடுக்கிட்டது. "ஐயோ அண்ணே! அப்புறம் நரி தேடவே வேண்டாமே! நீங்க சுடுற இடத்தில்தான் முட்டைன்னு கண்டுபிடிச்சுடுமே!"

"அப்ப சுட வேண்டாமா?" கரடியின் முகம் தொங்கிப்போயிற்று.

"சுடுங்க. மேற்கே, புதைசேத்துக்கு மேலே!"

மறுநாள் ட்ரோன் நேராகக் கிழக்கே வந்தது. கோரைக்கு மேலே தாழ்ந்து நின்றது. அதன் காற்றில் கோரை விலகி விலகி மூடியது. செங்காலி இறகைக்கூட அசைக்கவில்லை. கரையில் கரடியின் விரல் துடித்தது. அது பல்லைக் கடித்துக்கொண்டு, வானத்தையே பார்க்காததுபோல முதுகைச் சொறிந்தது.

ட்ரோன் வடக்கே போனது. கரடி கொட்டாவி விட்டது. ட்ரோன் மேற்கே புதைசேற்றுப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், படார்! படார்! இருந்த பால்ரஸ் அத்தனையும் தீர்ந்தது. ட்ரோனும் விழுந்தது.

"அட மடக் கரடியே! இடத்தைக் காட்டிக் கொடுத்துட்டியே!" நரி நாலு கால் பாய்ச்சலில் மேற்கே பாய்ந்தது. முதலில் கால் புதைந்தது. பிறகு வயிறு. பிறகு கழுத்து.

"அண்ணாச்சி! காப்பாத்துங்க!"

கரடி துப்பாக்கியை நீட்டியது. "குழலைப் பிடிச்சுக்க. முட்டை எத்தனை கிடைச்சுது?"

மூக்குக்கு நேரே குழலைப் பார்த்ததும் நரி நடுங்கியது. அதில் ஒரு குண்டுகூட இல்லை என்பது அதற்கு எப்படித் தெரியும்? "இந்த ஏரிப் பக்கமே தலைவைக்க மாட்டேன்!" என்று சத்தியம் செய்து, கரையேறியதும் சேறு சொட்டச் சொட்ட ஓடி மறைந்தது.

எதைக் காக்கிறோம் என்று எதிரிக்குக் காட்டிக் கொடுக்கும் ஆயுதம், எவ்வளவு குறிபார்த்துச் சுட்டாலும் எதிரிக்கே உழைக்கும்.